சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

தெம்பனிஸில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: “71 வயது அம்மாவை டிசம்பரில் நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். எங்கும் நிற்காமல் நேரே அங்கிருக்கும் ஜேஎஃப்கே விமான நிலையம் போகும் விமானம். தூரம் 15,349 கிலோமீட்டர் என்று ஓர் இடத்தில் போட்டிருக்கிறது. இன்னோர் இடத்தில் 16,700. கைபேசிச் செயலியில் பார்த்தால் 8,288 என்று வருகிறது. டிக்கெட்டில் இரவு 11.35க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.30க்கு இறங்குவதாக இருக்கிறது. ஆறு மணி நேரம்தானா, ஊருக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று அம்மா சந்தோஷப்படுகிறார். எது சரி?”

அம்மாவின் சந்தோஷத்தை முதலில் கெடுத்துவிடுகிறேன். கிட்டத்தட்ட 19 மணி நேரம். எங்கும் நிற்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் இன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமானது இந்தத் தடம்தான். சென்னைக்கு நாம் போவது 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதைப்போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைப் பற்றி நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரிதான். அது எப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இதைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். தேக்காவில் மல்லிகைச் சரம் வாங்கினால் பூ உதிர்ந்தபின் மிஞ்சுமே, அந்த நூல் போதும். ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து விரலால் அழுத்துங்கள். விரலுக்கடியில் ஜொகூரும் பாத்தாமும் சேர்ந்து மறைந்துவிடும், பரவாயில்லை. மறு முனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நூல் இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக் என்று இடப்பக்கமாகப் போகும் என்று நினைப்பார்கள். அப்படிப் போகாது. நேராக வடக்கே ஏறி, கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா எல்லாவற்றையும் தாண்டி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்து, அங்கிருந்து கனடா வழியாகக் கீழே இறங்கும். என் பேரனுடன் இதைச் செய்து பார்த்தபோது, உருண்டையைத் தாங்கும் கம்பி மேலே வந்து சேரும் திருகில் நூல் இடித்தது. “தாத்தா, இந்த ஆணி குறுக்கே நிக்குது” என்றான். அந்த ஆணிதான் வடதுருவம். மிகக் குறுகிய கோடு துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் போகிறது.

காரணம் எளிது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. ஜேஎஃப்கே மேற்கு 74 பாகைக்குச் சற்று உள்ளே. இரண்டையும் கூட்டினால் 178 பாகை. 180 வந்தால் உருண்டையின் சரியான எதிர்ப்பக்கம். அதாவது நியூயார்க் நமக்குக் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை; முதுகுப்பக்கம். அங்கே போகச் சுருக்கு வழி, தலைக்கு மேலே ஏறி அந்தப்பக்கம் இறங்குவதுதான்.

தூரத்தை நீங்களே மனக்கணக்காகப் போடலாம். சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை ஏற்றம். துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை இறக்கம். மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 15,300 சொச்சம். பூமி சரியான கோளமாக இல்லாமல் நடுவில் கொஞ்சம் உப்பியிருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 15,349 வரும். நீங்கள் பார்த்த முதல் எண் அதுதான். செயலி காட்டிய 8,288 கடல் மைல் கணக்கு. விமானத்துறையில் தூரம் எல்லாம் கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் பெருக்கிப் பாருங்கள், அதே 15,349 வந்து நிற்கும். சாதாரண மைலில் கேட்டால் 9,537. மைல் என்ற ஒரே சொல்லை இரண்டு அளவுக்கு வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சரி, அந்த 16,700 எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்கு நிற்காத சேவையை மறுபடி தொடங்கியபோது சொன்ன தூரம் அது. நியூவர்க்கும் ஜேஎஃப்கேயும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். நூல் காட்டுவது 15,300 சொச்சம் என்றால், விமானம் நிஜத்தில் பறப்பது 16,700. நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். இங்கிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம். இவ்வளவு சுற்ற வேண்டுமா?

வேண்டும். சுற்றினால்தான் சீக்கிரம் போகலாம்.

விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணம். இதை முதலில் அளந்து எழுதியவர் வாசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் தத்தேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன் விட்டு விட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் எஸ்பெராந்தோ என்ற, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கிய மொழியில் அறிக்கை எழுதினார். யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள், இருந்த இடத்திலேயே நிற்பதுபோல எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். விமானம் காற்றை வெட்டிப் போகும் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாமல் துருவ வழியில் 15,349 கிலோமீட்டர் போக 17 மணி நேரம். பசிபிக் வழியாகச் சுற்றி 16,700 போனாலும், பின்னாலிருந்து சராசரியாக 100 கிலோமீட்டர் காற்று தள்ளிவிட்டால் வேகம் ஆயிரம் ஆகிறது. 16 மணி 42 நிமிடத்தில் போய்விடலாம். அதே 100 எதிர்க்காற்றாக இருந்தால் குறுக்கு வழியே 19 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். சாங்கியில் நகரும் நடைபாதை சற்றுத் தள்ளி இருந்தாலும் பெட்டியோடு அதைத் தேடிப் போகிறோமே, அதே புத்திதான்.

இங்கேதான் நியூயார்க் நம் முதுகுப்பக்கம் இருப்பது கைகொடுக்கிறது. லண்டனுக்குப் போகும் விமானம் கிழக்கே சுற்றிப் போக முடியாது, இருமடங்காகிவிடும். நியூயார்க்குக்கோ எந்தப் பக்கம் சாய்ந்து போனாலும் தூரம் பெரிதாக ஏறுவதில்லை. ஆகவே போகும்போது பெரும்பாலும் பிலிப்பீன்ஸ், ஜப்பான் பக்கமாக ஏறி, வடபசிபிக், அலாஸ்கா, கனடா வழியாக இறங்குவார்கள். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா வழி. கவனித்தீர்களா? போகவும் கிழக்கே, வரவும் கிழக்கே. அப்படி அமைந்தால் தம்பி வீட்டுக்குப் போய் வந்ததிலேயே அம்மா உலகத்தை ஒரு முழுச்சுற்று சுற்றிவிடுகிறார். ராத்திரி வேலையில் இரண்டு வழிக்கும் திட்டம் போட்டு, இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் கிலோமீட்டர் குறைவு, மற்றொன்றில் எரிபொருள் குறைவு. கிலோமீட்டரைப் பார்த்து நாங்கள் வழியைத் தேர்ந்ததே இல்லை. வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

காற்று மட்டும் காரணமல்ல. 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. நூல் காட்டிய கோட்டில் கணிசமான பகுதி அங்கேதான் ஓடுகிறது. துருவத்துக்கு மேலே குளிரும் ஒரு தொல்லை. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும் என்பதால், றெக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் வெப்பத்தை விமானி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு எஞ்சின் விமானம் என்பதால், ஒன்று நின்றுபோனால் இறங்குவதற்கான இடத்திலிருந்து இத்தனை நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது என்று விதி உண்டு. அலாஸ்காவின் கோல்ட் பே மாதிரி, யாரும் பேர் கேட்டிராத சின்ன ஊரின் ஓடுபாதை எங்கள் தாளில் தினமும் இடம்பெறும். அங்கே இறங்க நேராதபடி கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அதை அச்சடித்துக் கொடுப்போம்.

நேரத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம், கோடையில் 12. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். நீங்கள் போவது டிசம்பர், ஆகவே 13. இரவு 11.35லிருந்து காலை 5.30 வரை 5 மணி 55 நிமிடம். அதோடு 13 சேர்த்தால் 18 மணி 55 நிமிடம். திரும்பும்போது கூட்டாமல் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு 3ஆம் தேதி இரவு 10.30க்குப் புறப்பட்டு 5ஆம் தேதி காலை 6.10க்கு இறங்குவதாக டிக்கெட் இருந்தால், பார்வைக்கு 31 மணி 40 நிமிடம். 13ஐக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். 4ஆம் தேதி முழுக்க ஆகாயத்திலேயே கரைந்துவிடும். போகும்போது மிச்சமான நேரத்தை வரும்போது திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

(நம் கடிகாரமே நிலவரைப்படி சரியில்லை என்பது வேறு கதை. சாங்கி இருக்கும் 104 பாகைக்கு கிரீனிச்சைவிட ஏழு மணி நேரம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். 1982 பிறந்தபோது, ஏழரையாக இருந்ததை அரை மணி நேரம் தள்ளி எட்டாக்கிக்கொண்டோம். மதியம் ஒரு மணிக்கு சூரியன் உச்சியில் நிற்பது அதனால்தான்.)

டிக்கெட்டில் வரும் 18.55, வாசலில் விமானம் பின்னால் தள்ளப்படுவதிலிருந்து அங்கே வாசலில் போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஜேஎஃப்கேயில் இறங்கியபின் வரிசையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம். பறக்கும் நேரம் இதைவிடக் குறைவு. 2018 அக்டோபர் 11 இரவு கிளம்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முதல் நியூவர்க் விமானம், எஸ்க்யூ 22, 11.37க்குத் தரையை விட்டு எழும்பி, மறுநாள் நியூவர்க் நேரம் காலை 5.29க்குத் தொட்டது. அக்டோபர் என்பதால் 12 மணி வித்தியாசம். 17 மணி 52 நிமிடம். காற்று நன்றாக இருந்தால் அதற்கும் கீழே வரும். ஆனால் அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்து, நிற்க இடமில்லாமல் அங்கேயே காத்திருப்பதும் உண்டு. தம்பியிடம் டிக்கெட் நேரத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லுங்கள். குடிநுழைவு வரிசை தாண்டி வெளியே வரச் சில நாள் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்தத் தடம் முதலில் தொடங்கியது 2004 ஜூனில், நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். எண்ணெய் குடிக்கும் வண்டி. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் வந்தபிறகுதான் மறுபடி முடிந்தது. அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடைக்கு ஏறக்குறைய 130 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். அதாவது மூட்டை முடிச்சு, மனிதர்கள், இரும்பு எல்லாம் சேர்ந்து ஒரு பாதி, எண்ணெய் மறு பாதி. முதல் பத்து மணி நேரம் எரியும் எண்ணெயில் கணிசமான பங்கு, கடைசி எட்டு மணி நேரத்துக்கான எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் வெறும் 161 இருக்கை, சாதாரண வகுப்பே கிடையாது என்று ஆரம்பித்தார்கள். டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் ஜேஎஃப்கே சேவையும் சேர்ந்தது.

நடுவில் ஒரு தடவை இறங்கிப் போனால் அம்மாவுக்குச் சுகமாக இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதையும் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். ஃபிராங்க்பர்ட் வழி என்றால் 10,300 கிலோமீட்டரும் 6,200 கிலோமீட்டரும், மொத்தம் 16,500. நரித்தா வழி 5,350, அப்புறம் 10,850க்குச் சற்றுக் கீழே. மொத்தம் 16,200 வாக்கில். நேரே போகும் விமானம் நிஜத்தில் பறக்கும் தூரத்தைவிட இவை ஒன்றும் அதிகமில்லை, பார்த்தீர்களா? நேரம்தான் கூடும்: நடுவில் நிற்பதையும் சேர்த்து 22லிருந்து 26 மணி நேரம், சில டிக்கெட்டில் அதற்கும் மேல். முட்டிவலி இருப்பவருக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நடக்கக் கிடைப்பது வரம். நடக்கவே சிரமம், சக்கர நாற்காலி வேண்டும் என்றால் ஏறி இறங்குவதே பாடு. நேர் விமானம்தான் நல்லது. என் அம்மாவை நான் நேர் விமானத்தில்தான் அழைத்துப் போனேன்.

அது 2006. அந்தப் பழைய ஏ340இல். அம்மா பயணம் முழுக்கக் கைக்கடிகாரத்தை மாற்றவே விடவில்லை. பணிப்பெண் வந்து நியூயார்க் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னபோது, “எனக்குச் சர்க்கரை மாத்திரை சிங்கப்பூர் நேரத்துக்குத்தான்” என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, மடியில் வைத்திருந்த டப்பாவைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். விமானத்துக்குள் எத்தனை தடவை விடிந்து இருட்டினாலும், உடம்புக்குத் தெரிந்தது புறப்பட்ட ஊரின் மணிதான். உங்கள் அம்மாவுக்கும் இன்சுலினோ ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால், புறப்படும் முன் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் “19 மணி நேரப் பயணம், 13 மணி நேர வித்தியாசம்” என்று இந்த இரண்டு எண்ணையும் சொல்லி, எந்த வேளை மருந்தை எப்போது எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் அவருக்குத் தேவைப்படாது. மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை உண்டு, அதையும் அவரிடமே கேளுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கை அம்மாவுக்கு.

ஜன்னல் உங்களுக்கு. போகும்போது ‘ஏ’ வரிசை, அதாவது இடப்பக்கம் எடுங்கள். பசிபிக் வழியாகப் போனால் வடக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். நள்ளிரவில் கிளம்பி, ஐந்து மணி நேரம் போல ஆனதும் ஜப்பானுக்குக் கிழக்கே விடியும். சூரியன் எதிர்த்திசையில் போக, நீங்கள் இந்தத் திசையில் போக, அந்தப் பகல் சில மணி நேரம்தான் தாங்கும். காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் திரும்ப இருட்டிவிடும். அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் மேலே போவது அந்த இரண்டாவது இரவில். வானம் தெளிவாக இருந்து அதிர்ஷ்டமும் இருந்தால், பச்சை நிறத்தில் துணி காயப்போட்ட மாதிரி துருவ ஒளி ஆடுவது தெரியும். தலைக்கு மேல் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, போர்வையைத் தலையோடு போர்த்தி ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கு மட்டும் எழுப்பலாம்.